தேசத்தின் மிக அமைதியான சுரப்பி

"ஒரு தேசத்தின் மனசாட்சி அதன் குழந்தைகளின் உமிழ்நீரில் எழுதப்பட்டிருக்கிறது."

பிராய்லா நகரத்தில், டான்யூப் நதியைப் பார்த்த தெருவில், தேசிய இளம்பருவ மனக்காய ஹார்மோன் நிலையத்தின் வாசலில் இந்த வாக்கியம் கறுப்புச் சலவைக்கல்லில் தங்க எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது. படிப்பவருக்கு மயிர்க்கூச்செறியும். கல்லைச் சுவரோடு முடுக்கிய நான்கு திருகாணிகளில் ஒன்றைக் காணோம். அதனால் ஆற்றுக்காற்று பலமாக அடித்தால் கல் ஒருபக்கம் விலகும். அப்போது பின்னாலிருக்கும் பழைய தகரப் பலகை தெரியும்: 'அநாதைக் குழந்தைகள் தொட்டிலகம், எண் 4'. கட்டடம் அதேதான். இடுப்பளவு பச்சை எண்ணெய்ப் பூச்சும் அதேதான். குளோரினும் வெந்த முட்டைக்கோசும் கலந்த நாற்றமும் அதேதான். நாற்றத்தை மாற்றுவதற்கான ஒதுக்கீடு இன்னும் வரவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒதிலியா அந்த வாசலில் வந்து நின்றபோது, கட்டடத்தை முதலில் அடையாளம் கண்டுகொண்டது அவள் வயிறு. ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுக்கு ஒரு சீட்டு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஒதிலியாவுக்கு வயது நாற்பத்தொன்று. சந்தை முனையில் நெகுலாய் என்பவரின் ரொட்டிக்கடை ஜன்னலில் நின்று, உப்புத் தூவிய வளைய ரொட்டி விற்பவள். ஒரு வருஷமாக அவள் உடம்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் உலகம் இருட்டிக்கொண்டு வந்தது. பதினோரு கிலோ குறைந்துவிட்டாள். வெயிலையே பார்க்காத தோல் கறுத்துக்கொண்டே போனது. "கிரீஸ் கடற்கரையில வெயில் காய்ஞ்சுட்டு வந்தியா? நல்லாப் பழுத்திருக்கே!" என்று வாடிக்கைக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். எல்லாவற்றையும் விட மோசம், அவளுக்கு உப்பின் மேல் ஏற்பட்ட வெறி.

"நம்ம கடை ரொட்டி எல்லாம் மொட்டையா இருக்குன்னு நாலு பேர் சொல்லிட்டாங்க," என்றார் நெகுலாய். "உப்பு எங்கே போகுது? எலி உப்பு தின்னுமா?"

ஒதிலியாவின் உதட்டோரத்தில் மூன்று உப்புக்கல் ஒட்டியிருந்தது.

"சீ! ரொட்டியை நக்கறியா நீ? விக்கற பண்டத்தையா?"

"ரொட்டியை இல்ல அண்ணே. தட்டைத்தான். முதல்ல தட்டைத்தான்."

நெகுலாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளே போனார். வரும்போது கையில் ஊறுகாய் முட்டைக்கோசுத் தண்ணீர் ஒரு ஜாடி நிறைய இருந்தது. "இந்தா, குடிச்சுத் தொலை. அப்புறம் டாக்டர்கிட்டப் போ. தட்டை நக்கறது ஒரு வியாதியாத்தான் இருக்கணும்."

குடும்ப டாக்டர் அவளைப் பார்க்கத்தான் செய்தார். ரத்த அழுத்தத்தைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து, தன் கையில் ஒருமுறை கட்டிப் பார்த்தார். "அட்ரீனல் சுரப்பியா இருக்கலாம். சிறுநீரகத்து மேல குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும். மாவட்ட ஆஸ்பத்திரியில ஹார்மோன் டாக்டர் இருக்காரு, எழுதித் தர்றேன்" என்று தட்டச்சு செய்துகொண்டே வந்தவர், பிறந்த விவரத்துக்கு வந்ததும் சூடு பட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க அநாதை இல்லத்துல வளர்ந்தவங்களா?"

"ஆமா."

"முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? இல்லத்துல வளர்ந்தவங்களோட களைப்பு, கிறுகிறுப்பு, எடை குறையறது எல்லாம் நிலையத்துக்குச் சொந்தம். சுற்றறிக்கை நூத்திப் பதினேழு. அவங்க விடுவிப்புச் சீட்டு குடுத்தாத்தான் வேற டாக்டர் உங்களைத் தொட முடியும்."

"கால் உடைஞ்சா?"

"கால் என்கிட்ட. கிறுகிறுத்து விழுந்து கால் உடைஞ்சா, அவங்ககிட்ட."

இப்படித்தான் செப்டம்பர் மாதத்தில் ஒரு விடுவிப்புச் சீட்டுக்காக ஒதிலியா நிலையத்துக்கு வந்தாள்.

வரவேற்பு மேஜையில் பொம்பிலியா அம்மாள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். உடைத்த தோலை உள்ளங்கையில் துப்பி, அதை ஒரு பரிசோதனைக் குழாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"காயம் எங்கே?" என்றாள்.

"காயம் இல்லைம்மா. களைப்பு."

"இளம்பருவக் காயம். அதுக்கு ஆதாரம் எங்கே? காயம் இருந்தாத்தான் நீ எங்க ஆளு. எங்க ஆளா இருந்தாத்தான் உன்னை விடுவிக்க முடியும்." ஒதிலியா நீட்டிய காகிதங்களை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதென்ன, சும்மா காகிதம்? தகரப் பட்டை வச்ச அட்டைக் கோப்புல போட்டுக் கொண்டா. பட்டை இல்லாத கோப்புல காயம் நிக்காது, கண்ணு."

ஒதிலியா தெருமுனைக்குப் போய்த் தகரப் பட்டைக் கோப்பு வாங்கி வந்தாள். பொம்பிலியா நிலவறைக்குப் போய்த் தொட்டிலகத்தின் பழைய பதிவேட்டை எடுத்து வந்தாள். பெயரைத் தேடி விரலை ஓட்டியவள் நின்றாள். முகம் மலர்ந்தது.

"முப்பத்தொண்ணாம் தொட்டிலா? அடியம்மா, நீயா! என்னைத் தெரியலையா? நான்தாண்டி அப்போ ஆயா. இருபத்திரெண்டு வயசு. இதே தாழ்வாரம். அறுபது பிள்ளைங்க, நாங்க மூணு பேர். எல்லாம் கத்தோ கத்துன்னு கத்தும். நீ மட்டும் தங்கம். அழுதா யார் வரப்போறா? ரெண்டே மாசத்துல புரிஞ்சுக்கிட்டே பாரு, புத்திசாலி!"

பதிவேட்டில் ஊதா மையில் எழுதியிருந்தது: 'அமைதி. அழுவதில்லை. ஆள் வந்தாலும் போனாலும் கண்டுகொள்வதில்லை. மிக நன்று.' பக்கத்தில் வட்ட முத்திரை.

"இதுல காயம்னு ஒண்ணும் இல்லையே," என்றாள் பொம்பிலியா வருத்தமாக. "'மிக நன்று'ன்னுல்ல போட்டிருக்கு. சரி, ரெண்டு சாட்சி கொண்டா. மூணு வயசுக்கு முன்னாடி நீ பட்ட பாட்டை நேர்ல பார்த்தவங்களா இருக்கணும்."

"நீங்க பார்த்தீங்களேம்மா."

"பார்த்தேன்தான். ஆனா இப்ப நான் நிலைய ஊழியர். பக்கச்சார்பு ஆயிடும். மத்த ரெண்டு ஆயாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. வேணும்னா அவங்க இறப்புச் சான்றிதழைக் கொண்டா, கேட்டுப் பார்க்கறேன்."

இரண்டு இறப்புச் சான்றிதழ்களும் சாட்சிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. சாட்சிகள் பின்னாளில் பிறழ வாய்ப்பில்லை என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது. அதற்குள் அக்டோபர் முடிந்து, ஒதிலியாவுக்கு இன்னும் நான்கு கிலோ போயிருந்தது.

அடுத்தது எச்சில். நிலையம் தந்த பத்தொன்பது பக்க வழிகாட்டியில் அந்தச் சொல் எங்கும் வராது. 'உமிழ்நீர்' என்றுதான் இருக்கும். பஞ்சுருளையை வாயில் அதக்கி, ஊறவைத்து, குழாயில் போட்டு மூட வேண்டும். கண் விழித்தவுடன் ஒன்று, அரைமணி கழித்து ஒன்று, அப்புறம் மதியம், மாலை, படுக்கும்போது. இப்படி மூன்று நாள். ஏழாம் பக்கம் தடித்த எழுத்தில் எச்சரித்தது: 'நோயாளி பதற்றமடைந்தால் மாதிரி கெட்டுவிடும். மாதிரி கெட்டால் நோயாளி மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

மீன்கடையில் கேட்டு வாங்கிய பனிக்கட்டியும் எச்சில் குழாய்களுமாக முட்டைக்கோசு ஜாடியைச் சுமந்துகொண்டு ஒதிலியா நிலையத்துக்குப் போனாள். பொம்பிலியா குளிர்பெட்டியைத் திறந்தாள். மேலிருந்து கீழ் வரை ஊர்ப்பட்ட எச்சில். நாற்பதாயிரம் குழாய். பழைய குழாய்களில் பஞ்சு மஞ்சளாகி மயிர் முளைத்திருந்தது. நடுத்தட்டில், குழாய்களை ஒதுக்கிவிட்டு, பொம்பிலியாவின் மத்தியானச் சாப்பாடு: கோசு இலையில் சுருட்டிய கறி, மூடி இல்லாத கிண்ணத்தில்.

"இதையெல்லாம் எப்போம்மா சோதிப்பீங்க?"

"சோதிக்கறதா? முதல்ல சேரட்டும்," என்றாள் பொம்பிலியா. "உன்னோடதை மட்டும் இந்த வாரமே போடறோம். மந்திரி ஆபீஸ்ல ஒரு முடிவாவது காட்டுங்கன்னு கேட்டிருக்காங்க."

பிறகு அழுத்தச் சோதனை நடந்தது. வெள்ளை அங்கி போட்ட மூன்று பேர் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள், கண்ணை எடுக்க மாட்டார்கள். அவர்கள் முன்னால் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பிறகு ஆயிரத்து இருபத்திரண்டிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் "தவறு. முதலிலிருந்து" என்பார்கள். எப்பேர்ப்பட்டவனுக்கும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிவிடும். வெளிநாடுகளில் இப்படிச் சிரிக்காமலிருக்க ஆட்களுக்கு மூன்று வாரம் பயிற்சி தருவார்களாம். இங்கே வரி அலுவலகத்திலிருந்து மூன்று பேரை இரவல் வாங்கினார்கள். பயிற்சி தேவைப்படவில்லை.

தரப்பட்ட தலைப்பு, 'நான் நோயாளி என்று ஏன் கருதப்பட வேண்டும்?'

ஒதிலியா சுற்றிலும் பார்த்தாள். அறையில் கணப்பு எரிந்தது. உட்கார நாற்காலி கொடுத்திருந்தார்கள். மூன்று பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கட்டடத்தில் அவளை யாரும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பார்த்ததாக அவள் உடம்புக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"எனக்கு நிக்க முடியலைங்க," என்றாள். "எழுந்தா கண்ணு இருட்டுது. உப்பு தின்னணும்போல இருக்கு. ராத்திரி படுத்தா காலையில எழுந்திருப்பேனான்னு தெரியல. அவ்வளவுதான். நாலு நிமிஷம் மிச்சம் இருக்கு, அதுவரைக்கும் உட்கார்ந்துக்கவா?"

கழித்தலும் பிரச்சினையாக இல்லை. நெகுலாய் கடையில் மொத்த வியாபாரத்துக்கு வளைய ரொட்டியைப் பதின்மூன்று பதின்மூன்றாகக் கயிற்றில் கோப்பார்கள். "ஆயிரத்து ஒன்பது, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு, தொள்ளாயிரத்து எண்பத்து மூணு..." என்று அவள் கூடையைக் காலி செய்துகொண்டே போனாள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து, "எட்டு மிச்சம். அது மாலை வியாபாரத்துக்கு" என்று முடித்தாள். வரி அலுவலகத்துக்காரர்களில் ஒருவருக்கு வியர்த்துவிட்டது.

முடிவு வந்த அன்று இயக்குநரே அவளை அறைக்கு அழைத்தார். பேராசிரியர் தீபேரியு ஹன்கு. குனிந்து அவள் கையை முத்தமிட்டார். அவர் உதடு பட்ட இடத்தில் ஈரம் நின்றது. ஒதிலியாவுக்கு அதைப் பாவாடையில் துடைக்க வேண்டும்போல இருந்தது. துடைத்தால் பதற்றம் என்று எழுதிவிடுவார்களோ என்று கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் கார்ட்டிசால் வரைபடத்தை விரித்தார். சாதாரண ஆளின் கோடு காலையில் கார்பாத்திய மலைபோல ஏறி, மாலையில் இறங்கும். ஒதிலியாவின் கோடு பராகான் சமவெளி. ஒரு மேடு இல்லை, ஒரு மரம் இல்லை. கருவி ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'கண்டறியும் அளவுக்கும் கீழே' என்று சிவப்பில் அச்சடித்து, ஆச்சரியக்குறியும் போட்டிருந்தது. பக்கத்தின் அமைதியைக் கெடுக்கிறது என்று இயக்குநர் ஆச்சரியக்குறிகளை வெள்ளை மையால் அழித்திருந்தார்.

"அம்மணி, இருபது வருஷமா மன அழுத்தத்தை ஆராயறேன். இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை! இது மனுஷ உடம்பா, மடாலயமா?"

"அப்போ அந்த விடுவிப்புச் சீட்டு ஐயா?"

"விடுவிக்கறதா? உங்களையா? நீங்க நம்ம சொத்தும்மா. டிசம்பர்ல விழா வச்சிருக்கேன். விழா முடியட்டும், சீட்டென்ன, பதக்கமே தர்றேன். அதுவரைக்கும் இந்தப் பொடியைச் சாப்பிடுங்க. களைச்ச சுரப்பிக்கு நல்லது. என் மைத்துனன் தயாரிக்கறான்."

ஒதிலியா பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனிப்பு. உப்பே இல்லை. கீழே கொட்டினாள்.

"விழாவுக்குப் போகாதே," என்றார் நெகுலாய். "நீ கண்ணாடியைப் பார்த்தியா? உன் ஈறு கறுத்துக் கிடக்கு. நாய்க்குத்தான் அப்படி இருக்கும்."

"சீட்டு தர்றேன்னு சொல்லியிருக்காரு அண்ணே. சீட்டு இல்லாம எவனும் தொட மாட்டான். அதை மட்டும் வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்."

"நடந்து போவியா, தூக்கிட்டுப் போகணுமா?"

நெகுலாய் திட்டிக்கொண்டே ஒரு கூடை ரொட்டியை எடுத்துக்கொண்டார். விழா உபயம் என்று சொல்லி உள்ளே நுழைந்து அவள் பக்கத்தில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு.

விழா பழைய தொட்டில் கூடத்தில் நடந்தது. சிவப்பு வெல்வெட் விரித்த மேஜையில் பதக்கமும், அதன் பக்கத்தில் விடுவிப்புச் சீட்டும் இருந்தன. சீட்டில் முத்திரை குத்தியாகிவிட்டது. இயக்குநரின் கையெழுத்து மட்டும் பாக்கி. ஒதிலியா மேடை நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அடி தூரம். காலையிலிருந்து நான்கு முறை வாந்தி எடுத்திருந்தாள்.

மந்திரி அலுவலகப் பிரதிநிதியை வணங்கிவிட்டு இயக்குநர் பேசத் தொடங்கினார்.

"பெரியோர்களே! இந்தக் கட்டடத்தை எத்தனை பேர் பழித்தார்கள்! இங்கே குழந்தைகள் காயப்பட்டன என்றார்கள். இதோ, முப்பத்தொன்றாம் தொட்டில். அன்றைக்கும் அழவில்லை, இன்றைக்கும் அழவில்லை. நாற்பது வருஷ உத்தரவாதத்துடன் எந்தத் தொழிற்சாலை பொருள் தருகிறது, சொல்லுங்கள்!"

கைதட்டல்.

"எங்களைக் கேட்கிறார்கள், இதுவரை எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள் என்று. பெருமையோடு சொல்கிறேன், ஒருவரையும் இல்லை! நாங்கள் அவசரப்படுவதில்லை. அவசரம்தான் மன அழுத்தம். நாற்பதாயிரம் குழாய் வேதனையைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்துவருகிறோம். ஒரு சொட்டு வீணாகவில்லை!"

ஒதிலியா எழுந்தாள். சீட்டை நோக்கி ஓர் அடி வைத்தாள். கையை நீட்டியவள், அப்படியே மடங்கிக் கீழே விழுந்தாள். சத்தமே வரவில்லை. விழுவதற்கும் அவள் உடம்பில் கனம் மிச்சமில்லை.

கூட்டம் எழுந்தது. இயக்குநர் கையை உயர்த்தினார். "பதறாதீர்கள்! பாருங்கள், விழும்போதுகூட முகத்தில் ஒரு சலனம் இல்லை! இதைத்தான் நாங்கள் ஆழ்நிலை அமைதி என்கிறோம். யாரும் தொட வேண்டாம்."

"ஜன்னலைச் சாத்துங்க, குறுக்குக்காத்து உடம்புக்கு ஆகாது! அதான் விழுந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். நான்கு பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவளிடம் ஒருவரும் ஓடவில்லை.

நெகுலாய் ரொட்டிக்கூடையைத் தரையில் எறிந்துவிட்டு மேடைக்குத் தாவினார். அவள் கையைத் தொட்டார். மீன்கடைப் பனிக்கட்டி மாதிரி இருந்தது. "ஆழ்நிலையாவது, மயிராவது! செத்துக்கிட்டிருக்காய்யா!" என்று கத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

ஆம்புலன்ஸில் வந்தவள் வாலெரிக்கா என்ற குள்ளமான, குரல் தடித்த பெண். வாசலிலேயே பொம்பிலியா மறித்தாள். "காலுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக்கிட்டு வா. விழா நடக்குது."

"நாடியே இல்லாம ஒருத்தி கிடக்கறா, எனக்கு உறை போடணுமா? தள்ளு, பாட்டி!"

வாலெரிக்கா மண்டியிட்டாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒதிலியாவின் உள்ளங்கையை விரித்தாள். ரேகைகள் கரியால் கீறியதுபோல இருந்தன. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள்.

"இவ உப்பு நிறைய சாப்பிடுவாளா?"

"ஒரு வருஷமா என் கடையையே நக்கிக்கிட்டிருக்கா," என்றார் நெகுலாய்.

வாலெரிக்கா ஊசி மருந்தை உடைத்து ஏற்றினாள். உப்புநீர் பாட்டிலைத் தூக்கி நெகுலாய் கையில் கொடுத்தாள். "இவ சுரப்பி செத்துப்போச்சு. கார்ட்டிசால் ஒரு சொட்டு இல்ல. யார் இவளுக்கு வைத்தியம் பார்த்தது?"

"நாங்கள் அளந்துகொண்டிருந்தோம்," என்றார் இயக்குநர்.

"எத்தனை நாளா?"

"மூன்று மாதமாக. மிகத் துல்லியமாக."

வாலெரிக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஊறுகாயில் புழுவைக் கண்டவள் பார்க்கிற பார்வை. "என்கிட்ட இருந்தது ஒரே ஊசி. வழியில இன்னொண்ணு தேவைப்படலாம். ஹைட்ரோகார்ட்டிசோன், அதாவது கார்ட்டிசாலேதான். இது அந்த ஹார்மோன் நிலையம்தானே? முற்றத்துல அதோட மூலக்கூறைச் சிலையா வேற வச்சிருக்கீங்க. இங்க இருக்கா, இல்லையா?"

நிலைய ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொம்பிலியாதான் அசைந்தாள். இயக்குநர் "பொம்பிலியா, வேண்டாம்" என்று சொல்வதற்குள் அவர் அறைக்குப் போய், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்து வந்து கொடுத்தாள். வாலெரிக்கா அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். இயக்குநரை மறுபடி பார்த்தாள்.

"இது கையில போடறது இல்ல," என்று சொல்லி, டியூபை வெல்வெட் மேஜையில், பதக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒதிலியாவைத் தூக்கிக்கொண்டு போனாள். சீட்டு கையெழுத்தாகாமல் மேஜையிலேயே கிடந்தது. சாகக் கிடப்பவர்களுக்குச் சுற்றறிக்கை நூற்றுப் பதினேழு பொருந்தாதென்று யாருமே அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அதிர்ஷ்டவசமாக இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் ஹார்மோன் டாக்டர் ஒதிலியாவின் கட்டிலோரம் உட்கார்ந்தார். "உங்க சுரப்பியை உங்க உடம்பே தின்னுடுச்சு. இது தொட்டில்ல வளர்ந்ததால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சின்னதுல கத்திக் கத்தி ஓய்ஞ்ச உடம்பு, பெரிசானப்புறமும் சரியா கத்தாது. அதனாலதான் உங்களை மத்தவங்களுக்கு முன்னாடி பார்த்திருக்கணும். தினம் மூணு மாத்திரை, ஆயுசுக்கும். சின்ன மாத்திரைதான்."

அன்று மத்தியானம் ஒதிலியா அழுதாள். எப்படி என்று தெரியாததால் முதலில் இருமல்போலத்தான் வந்தது. அப்புறம் சத்தமாகவே வந்தது. தாழ்வாரத்திலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல. யாராவது வர்றாங்களான்னு பார்த்தேன்."

"வந்துட்டேன், பார்த்துட்டியா? மூக்கைச் சிந்து. இன்னும் ஆறு பேருக்கு ஊசி போடணும்," என்று நர்ஸ் போர்வையை இழுத்து விட்டுவிட்டுப் போனாள்.

ஒதிலியா இப்போது ஜன்னலில் நிற்கிறாள். ரொட்டிகளில் உப்பு இருக்கிறது. விடுவிப்புச் சீட்டுக்கு அவள் இதுவரை மறுவிண்ணப்பம் செய்யவில்லை. நிலையத்தின் ஆண்டறிக்கையில் அவள் 'மாறாத அமைதி' என்ற பத்தியில் இருக்கிறாள்.

மார்ச் மாதம் மேலிடத்திலிருந்து சரக்கிருப்புச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். நாற்காலி, குளிர்பெட்டி, சிலை என்று ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டிக்கொண்டே போனார்கள். நிலையம் எந்த ஹார்மோனுக்காக நிறுவப்பட்டதோ அந்த ஹார்மோன் இருநூற்றுப் பதினான்காம் எண்ணில் வருகிறது: 'ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, டியூப் ஒன்று, பாதி தீர்ந்தது. உபயோகம்: இயக்குநரின் மூலம்.'